தரங்கம்பாடியில் நான்கு நாட்கள்



சென்னைப் பட்டணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவன் நான். கல்லூரியில் வரலாறு கற்பிப்பது என் தொழில். சென்ற தை மாதத்தில் எனக்கு ஒரு கட்டளை பிறந்தது. கட்டளையிட்டவர் என் மருத்துவ நண்பர். "உமக்கு மருந்து வேண்டாம், கடற்கரையோரமாக ஏதாவது ஒரு சிற்றூருக்குப் போய் நான்கு நாட்கள் சும்மா இருந்துவிட்டு வாரும்" என்றார் அவர். சும்மா இருப்பது எவ்வளவு அரிய செயல் என்பதை நம் சித்தர்களும் ஞானிகளும் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் முயன்று பார்ப்போம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். நான் தேர்ந்தெடுத்த ஊர் தரங்கம்பாடி.

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில், மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக் கடலின் கரையில் இருக்கிறது அவ்வூர். சிதம்பரமும் சீர்காழியும் கடந்து, அபிராமி அன்னை கோயில் கொண்ட திருக்கடையூரையும் தாண்டினால் சற்று நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியதும் ஒரு வெள்ளை வாயில் நம்மை வரவேற்கிறது. அதன் நெற்றியில் 1792 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்கிறது. வீதியின் இரு மருங்கிலும் பழங்கால வீடுகளும், 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் நிற்கின்றன. வீதி முடியுமிடத்தில் திடல். திடலின் ஓரத்தில் கோட்டை. கோட்டைக்கு அப்பால் அலைகள். இவ்வளவையும் நடந்தே பார்த்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. காலை ஒன்பது மணிக்குக் கடற்கரைக்குச் சென்றேன். படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. சிலர் நிழலில் படுத்துறங்கினர். சிலர் வலையை மடியில் போட்டுக்கொண்டு பேசியபடியே கிழிசல்களை முடிந்துகொண்டிருந்தனர். கடைவீதியில் ஒருவருக்கும் அவசரமில்லை. தேநீர் கேட்டால், கடைக்காரர் முதலில் நம் ஊரைக் கேட்டறிந்து, பிறகு நாம் வந்த காரியத்தைக் கேட்டறிந்து, அதன் பின்னரே அடுப்பின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு சோம்பலான ஊர்!" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வைகறையில், மூன்றரை மணியளவில், பேச்சொலி கேட்டு விழித்தேன். எழுந்து சென்று பார்த்தால், கரையெங்கும் விளக்கொளி. படகுகளைத் தள்ளும் கூட்டுக் குரல். கூடையுடன் காத்திருக்கும் பெண்கள். நான் காலை ஒன்பது மணிக்குக் கண்ட உறக்கம், இரவில் தொடங்கிய ஒரு நாள் வேலையின் முடிவு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பட்டணத்துக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வந்து அவ்வூர் மக்களின் பொழுதை அளந்தேன் அல்லவா? அந்தத் தவற்றை உணர்ந்ததும் வேறொரு தவறும் நினைவுக்கு வந்தது. ஒரு நாளை மட்டுமன்றி, நானூறு ஆண்டுகளையும் நான் அவ்வாறே தவறாக அளந்து வந்திருக்கிறேன்.

அதை விளக்குகிறேன். சென்னை பிறந்த கதையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லுகிறேன். 1639ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயக் கும்பெனியார் ஒரு மணற்பரப்பைப் பெற்றனர். அங்கே கோட்டை கட்டினர். அது வளர்ந்து மாநகராயிற்று. மாணவர்கள் இக்கதையை நன்கு அறிவர். ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் முன்னதாகவே, இதே சோழமண்டலக் கரையில், இதே போன்ற ஒரு மணற்பரப்பில், இன்னொரு நாயக்கர் இன்னோர் ஐரோப்பிய நாட்டாருக்கு இடம் கொடுத்தார். அவர்களும் கோட்டை கட்டினார்கள். அந்த இடந்தான் தரங்கம்பாடி. வயதில் தரங்கம்பாடிக் கோட்டை அக்காள். சென்னைக் கோட்டை தங்கை. தங்கை பெருநகராக வளர்ந்தாள். அக்காள் சிற்றூராகவே இருந்துவிட்டாள். ஏன்? இக்கேள்வியை என் வகுப்பில் நான் ஒரு நாளும் எழுப்பியதில்லை. தரங்கம்பாடியில் மீதமிருந்த மூன்று நாட்களும் இதற்கு விடை தேடுவதிலேயே கழிந்தன. சும்மா இருக்கும் வித்தை எனக்குக் கைவரவில்லை என்பதை மருத்துவ நண்பரிடம் பிறகு ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். தரங்கம் என்றால் அலை. ஆதலால் அலைகள் பாடும் ஊர் என்று பலரும் பொருள் சொல்லுகின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு வேறு பெயர் கூறுகிறது. பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. அங்கே ஊர் சடங்கன்பாடி என்றும், மன்னன் பெயரால் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்படுகிறது. பட்டினம் என்னும் சொல்லைக் கவனியுங்கள். கடற்கரையிலுள்ள வாணிக ஊரைத்தான் நம் முன்னோர் பட்டினம் என்றனர். எனவே ஐரோப்பியர் வந்துதான் இவ்வூருக்கு வாணிகத்தைக் கற்பித்தார்கள் என்று எண்ணுவது பிழை. அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பட்டினம் என்னும் பெயர் தாங்கியிருந்தது.

இனி, டேனியர் வந்த கதை. டென்மார்க்கு நாட்டில் 1616இல் கிழக்கிந்தியக் கும்பெனி ஒன்று தோன்றியது. மன்னர் நான்காம் கிறிஸ்தியனின் ஆதரவு பெற்ற அக்கும்பெனியின் கப்பல்கள் 1618இல் புறப்பட்டன. தலைமை தாங்கியவர் ஓவ் ஜெட்டி. வயது ஏறத்தாழ இருபத்து நான்கே. அவர்கள் முதலில் நாடியது இலங்கையை. கண்டி அரசரோடு உறவு கொள்ளலாம் என்னும் எண்ணம் அங்கே கைகூடவில்லை. இதனிடையே, முன்னோட்டமாக அனுப்பப்பட்டிருந்த கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தனர். உயிர் தப்பியவர்களுள் ஒருவரான ரோலண்டு கிராப்பே என்பவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். ஆக, ஒரு நாட்டின் தோல்வியும், ஒரு கப்பலின் அழிவும், ஒரு மனிதர் தப்பிப் பிழைத்ததும் சேர்ந்து தரங்கம்பாடியின் விதியை எழுதின.

இரகுநாத நாயக்கர் இசையிலும் இலக்கியத்திலும் வல்லவர். அரசியலிலும் அவர் ஏமாளியல்லர். போர்ச்சுகீசியரின் கை கரையோரத்தில் ஓங்கியிருந்த காலம் அது. அவர்களுக்கு எதிர்த்தட்டில் வைக்க இன்னொரு வணிகக் கூட்டம் இருந்தால் தமக்கு நன்மையே என்று அவர் கருதியிருத்தல் இயல்பு. 1620ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. டேனியர் கோட்டை கட்டிக்கொள்ளலாம், வாணிகம் செய்யலாம், ஆண்டுதோறும் 3,111 ரூபாய் செலுத்தவேண்டும். டென்மார்க்கு மன்னருக்கு நாயக்கர் பொன்னேட்டில் ஒரு திருமுகமும் அனுப்பினார். வாசகம் தமிழில், கையொப்பம் தெலுங்கில். அந்தப் பொன்னேடு இன்றும் கோபன்ஹேகன் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வடகடலோரத்து மன்னர் ஒருவருக்குத் தஞ்சையிலிருந்து தமிழில் கடிதம் போயிற்று என்பதை நினைக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது அன்றோ?

கோட்டை எழுந்தது. ஆனால் கோட்டையை வாழவைக்கக் கப்பல்கள் வேண்டும். கப்பல்களுக்குப் பணம் வேண்டும். டென்மார்க்கோ சிறிய நாடு. ஐரோப்பியப் போர்களில் சிக்கி நலிந்த நாடு. 1639இல் ஒரு கப்பல் அங்கிருந்து புறப்பட்டது. அதற்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வேறு கப்பலே வரவில்லை! இடையில் 1650இல் கும்பெனியும் கலைக்கப்பட்டது. கோட்டையிலிருந்த டேனியர் ஒவ்வொருவராக மாண்டனர். கடைசியில் எஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் எளிய மாலுமி. 1655 முதல் அவரே தலைவரானார். உள்ளூர் மக்களின் துணைகொண்டு கோட்டையைக் காத்தார், முற்றுகைகளைத் தாங்கினார், நகரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் டென்மார்க்குக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தபோது கோட்டையில் அந்நாட்டுக் கொடி பறந்துகொண்டிருந்தது. சென்னைக் கோட்டைக்கு ஆங்கிலக் கப்பல்கள் தொடர்ந்து வந்து சென்ற காலத்தில், தரங்கம்பாடி இவ்வாறு காத்துக் கிடந்தது. அக்காளும் தங்கையும் வேறு வேறு வழியில் செல்லத் தொடங்கியது அப்போதே என்று சொல்லலாம்.

ஆயினும் தரங்கம்பாடிக்கு வேறொரு சிறப்பு வாய்த்தது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூச்சௌ என்னும் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார்கள் இங்கே வந்து இறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. தமிழ் கற்க விரும்பிய அவர், வயது முதிர்ந்த ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டினார். சிறுவர்களோடு சிறுவராக அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி, 1708இலேயே அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பூசலால் நான்கு திங்கள் அக்கோட்டையிலேயே சிறையும் இருந்தார். லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி 1712இல் வந்தது. ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் மறு ஆண்டில் வந்தன. அந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். காகிதத் தட்டுப்பாட்டைப் போக்க, அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினர். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1715இல் அச்சேறி முடிந்தது. 1719இல், முப்பத்தாறே வயதில், சீகன்பால்கு காலமானார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கே என் பிழையொன்றைத் திருத்திக்கொள்ளவேண்டும். தமிழில் முதன்முதல் நூல் அச்சானது தரங்கம்பாடியில்தான் என்று பலர் சொல்லுகின்றனர். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிவந்தேன். அது சரியன்று. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. இடையில் தளர்ந்துபோன தமிழ் அச்சுக்கலை இங்கே மீண்டும் உயிர்பெற்றது. எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு, பள்ளிக்கூடம் ஆகிய யாவும் ஒரே இடத்தில் கைகோத்தன. உள்ள பெருமையே போதுமானதாயிருக்க, இல்லாத பெருமையைச் சூட்டவேண்டியதில்லை.

இன்னொரு சிறு செய்தி. இது நம் சமையலறையைச் சேர்ந்தது. 1768இல் யோகான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் தாவர நூல் மேதை லின்னேயசின் மாணவர். நாம் அன்றாடம் தாளிக்கும் கறிவேப்பிலைக்குத் தாவரவியலார் இட்ட பெயரில் இவருடைய பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாவரவியல் பயிலும் மாணவர்கள் தங்கள் பாடநூலில் கோனிகி என்னும் சொல்லைக் காணும்போது தரங்கம்பாடியை நினைத்துக்கொள்வார்களாக.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அவ்வூரின் செழுமைக் காலம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவர் கப்பலை ஒருவர் பறித்துக்கொண்டிருக்க, இரு சாராரையும் சேராத டேனியக் கொடியின் கீழ்ச் சரக்குகள் பத்திரமாகப் போய் வந்தன. நான் முதலில் சொன்ன வெள்ளை வாயில் அந்தக் காலத்ததே. ஆனால் அடுத்தவர் சண்டையால் வந்த செல்வம், அச்சண்டை தன் வாயிலுக்கே வந்ததும் போய்விட்டது. 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் நகரைக் குண்டுவீசித் தாக்கினர். 1808இல் தரங்கம்பாடியையும் கைப்பற்றினர். 1815இல் ஊர் திரும்பக் கிடைத்தது, வாணிகம் திரும்பவில்லை. இங்கிலாந்தின் ஆலைத்துணி உலகச் சந்தையில் பரவ, சோழநாட்டுத் தறித்துணிக்கு இருந்த மதிப்புக் குன்றிற்று. 1845இல் தரங்கம்பாடியும் வங்கத்துச் சேராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

விற்ற பிறகாவது ஊர் வளர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். துறைமுக வசதி இல்லை என்று சிலர் காரணம் சொல்லுகின்றனர். நான் ஒப்பமாட்டேன். சென்னைக்கு மட்டும் இயற்கைத் துறைமுகம் இருந்ததா? அங்கும் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துச் சென்று சரக்கை இறக்கிவந்தன. செயற்கைத் துறைமுகம் பின்னர்க் கட்டியதே. இரு கரைகளும் இயற்கையால் ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்கியது ஆட்சி. ஆங்கிலேயருக்குச் சென்னை தலைநகர். அதன் பின்னே பரந்த நாடு இருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து இருப்புப்பாதை உள்நாட்டுக்குள் ஓடத் தொடங்கிற்று. தஞ்சைப் பகுதியிலோ 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வாய்த்தது. நெல்லும் பிறவும் அங்கே சென்றன. தரங்கம்பாடியில் கிடங்குகள் காலியாயின. வெகு காலத்துக்குப் பின், 1926இல், மாயவரத்திலிருந்து ஒரு கிளைப்பாதை வந்தது. 1980களில் அதுவும் நின்றுவிட்டது. இவ்வாறு, எங்கோ எடுக்கப்பட்ட முடிவுகளே தரங்கம்பாடியைச் சிற்றூராக்கின. இதை அறியாமல் அவ்வூரின் அமைதியைச் சோம்பல் என்று பெயரிட்டேனே என வெட்கப்பட்டேன்.

நான்காம் நாள் மாலையில் மாசிலாமணிநாதர் கோயில் ஓரமாக நின்றேன். பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அங்கே முதிய மீனவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும்.

"ஐயா, கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து நின்று, அலைகளுக்கு அப்பால் கையை நீட்டினார். "அதோ, தம்பி, அந்தப் படகு ஆடுதே, அங்கே வலை காயப்போட்டதாக எங்க அப்பா சொல்லுவார். நான் பார்க்கலை, அவர் சொல்லக் கேட்டதுதான்" என்றார். பிறகு கையைத் தென்புறம் திருப்பினார். "அந்தப் பக்கம் என் தங்கை வீடு. அதை நானே பார்த்தேன். சுனாமி வந்த அன்றைக்குக் காலையிலே பார்த்ததுதான் கடைசி."

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளைத்தான் அவர் குறிப்பிட்டார். வீட்டைப் பற்றி மட்டுமே சொன்னார். வீட்டிலிருந்தவர்களைப் பற்றிக் கேட்க எனக்கு நா எழவில்லை. சிறிது நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு அவரே, "நாலு மணிக்குப் பேரன் கடலுக்குப் போறான், நான் போய் எழுப்பணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நண்பர்களே, பொன்னேட்டில் எழுதிய உடன்படிக்கை பத்திரமாக இருக்கிறது. கோயில் கல்வெட்டை அறிஞர்கள் படியெடுத்தமையால், அதன் வாசகத்தை இனிக் கடலாலும் அழிக்க இயலாது. ஆனால் தம் தந்தையார் வலை காயவைத்த இடத்தை விரல் நீட்டிக் காட்டிய அந்தப் பெரியவரின் நினைவை யார் படியெடுத்து வைத்திருக்கிறார்கள்? அவர் சொன்னதை அன்றிரவே என் குறிப்பேட்டில், நாளும் இடமும் இட்டு, எழுதிவைத்தேன். முப்பது ஆண்டு வரலாறு கற்பித்த நான், ஒரு மனிதரின் வாய்மொழியை என் கையால் பதிவு செய்தது அதுவே முதல் முறை.

உங்களுக்கு நான் கூற விரும்புவதும் அதுதான். விடுமுறையில் நீங்கள் உங்கள் தாத்தா பாட்டியின் ஊருக்குச் செல்வீர்கள். அது தரங்கம்பாடியைப் போலச் சிறிய ஊராக இருக்கலாம். பேருந்து நாளைக்கு இரண்டு முறையே வரும் ஊராகவும் இருக்கலாம். அங்கே பெரியவர்களிடம் கேளுங்கள்: ஏரி எதுவரை நிரம்பும், சந்தை எந்தக் கிழமையில் கூடிற்று, பழைய சாலை எந்தப் பக்கம் சென்றது என்று. அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். பிறகு நூல்களோடும் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராத இடத்தில் யார் சொன்னது பிழை என்று ஆராயுங்கள். நான் என் பிழைகளை அவ்வாறுதான் கண்டுகொண்டேன்.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள் வகுப்பில் 1639 என்று கரும்பலகையில் எழுதினேன். அதற்கு மேலே 1620 என்றும் எழுதினேன். "இது என்ன ஆண்டு, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிற்று.